நெடுந்தீவுப் பெருக்குமரம்: வயதுக் கணக்கும் போய்ப் பார்க்கும் வழியும்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. பெயரில் மலையைச் சுமக்கும் கீரிமலையில்கூட இருப்பது கேணியும் கடலும்தான். மற்ற ஊர்க்காரர் பழைய மரமொன்றைப் பார்க்க மலையேறுவார்கள் என்றால், நாங்கள் படகேற வேண்டும். குறிகட்டுவானில் ஏறி நெடுந்தீவில் இறங்கினால் குதிரை, முருகைக்கல் வேலி, கோட்டை இடிபாடு, புறாக்கூடு என்று ஓட்டோக்காரர் சுற்றிக்காட்டும் வரிசையில் பெருக்குமரமும் வரும். அநேகமானோர் அதனடியில் நிற்பது பத்து நிமிடம். பொந்துக்குள் நுழைந்து ஒரு படம், வெளியே வந்து ஒரு படம், "எத்தனையோ நூறு வருசமாம்" என்றொரு பேச்சு, பிறகு ஓட்டோ அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

அந்த "எத்தனையோ நூறு" எங்கிருந்து வந்தது, அதை ஏன் யாராலும் சரியாகச் சொல்ல முடிவதில்லை என்பதற்கான விடை மரத்தின் உடம்பிலேயே தெரிகிறது. எதைப் பார்ப்பது என்று தெரிந்து போனால் ஒரு மணித்தியாலம் அங்கே தாராளமாக நிற்கலாம். மன்னார் பள்ளிமுனையில் உள்ள இன்னொரு பெருக்குமரத்தையும் சேர்த்துப் பார்த்தால் விசயம் இன்னும் தெளிவாகும்.

பெருக்குமரம் ஆபிரிக்காவின் மரம். தமிழ்நாட்டில் பப்பரப்புளி, ஆனைப்புளி என்பார்கள். அறிவியற் பெயர் அடன்சோனியா டிஜிற்றாற்றா. இந்த இனத்தில் மொத்தம் எட்டு வகை. ஆறு மடகஸ்காரில் மட்டும், ஒன்று அவுஸ்திரேலியாவின் வடமேற்கில், எங்களிடம் வந்தது ஆபிரிக்கப் பெருநிலத்தில் உள்ளது. ஆக, நெடுந்தீவிலோ மன்னாரிலோ இது தானாக முளைத்திருக்க வழியில்லை. யாரோ விதையைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

யார் என்று கேட்டால் எல்லோரும் அரபு வணிகரைச் சொல்வார்கள். ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்தார்கள் என்றொரு கதையும் மன்னாரில் உண்டு. கதைக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் வணிகர் வந்ததில் சந்தேகமில்லை. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு 12 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வந்திறங்க வேண்டும் என்றும், கப்பல் உடைந்தால் ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பலில் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மற்றச் சரக்குக் கப்பலில் பாதி பண்டாரத்துக்கு என்றும் அது விதிக்கிறது. குதிரைக் கப்பல் உடைவதற்கென்று தனிச்சட்டம் எழுதவேண்டிய அளவுக்கு இந்தக் கடலில் போக்குவரத்து இருந்திருக்கிறது. 1344 இல் மொரோக்கோப் பயணி இபுன் பதூதா இலங்கையில் இறங்கியபோது யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்களைத்தான் முதலில் சந்தித்தார்.

ஆனால் அரபு வணிகர் மட்டுமே ஒரே வழி என்று முடிவுகட்டவும் முடியாது. மன்னார் 1560 இலும் யாழ்ப்பாணம் 1619 இலும் போர்த்துக்கேயர் கைக்குப் போயின. அவர்களுக்கு மொசாம்பிக்கிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் துறைமுகங்கள் இருந்தன. பெருக்குமரம் அங்கெல்லாம் கண்ணெதிரே வளர்வது. 2015 இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்குமரங்கள் ஒரே தடவையில் வந்தவையல்ல, ஆபிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பல தடவைகளில் வந்தவை என்று காட்டியது. வணிகரோடு மட்டுமன்றி, படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரோடும் விதை வந்திருக்கலாம் என்பது அதன் விளக்கம். உணவும் மருந்தும் கயிறும் தரும் மரத்தின் விதையை மடியில் முடிந்துகொண்டு வருவதற்கு ஒட்டகக்காரரைவிட அவர்களுக்குத்தான் காரணம் அதிகம்.

வயது ஏன் பிடிபடுவதில்லை

பள்ளிமுனை மரத்துக்குச் சொல்லப்படும் கணக்கிலிருந்து தொடங்கலாம். 1477 இல் நட்டதாம், சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர். முதலில் சுற்றளவைக் கவனியுங்கள். ஒரு சேலை ஐந்தரை மீற்றர் என்றால் அந்த அடிமரத்தை ஒருமுறை சுற்ற மூன்றரைச் சேலை வேண்டும். உயரமோ ஒரு மாடிவீட்டைவிடக் கொஞ்சம்தான் கூட. சுற்றளவு உயரத்தின் இரண்டரை மடங்கு. கடற்காற்றும் வரட்சியும் மேலே எழும்ப விடாத மரம் பக்கவாட்டில் பெருத்திருக்கிறது.

19.5 மீற்றர் சுற்றளவுக்கு விட்டம் ஏறத்தாழ 6.2 மீற்றர், ஆரை 3.1 மீற்றர். 1477 என்ற ஆண்டை ஏற்றால் சராசரியாக வருடத்துக்கு ஐந்தரை மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக ஆரை கூடியிருக்க வேண்டும். நடக்கக்கூடிய வேகம்தான். ஆனால் நடக்கக்கூடியது என்பது நடந்ததற்குச் சாட்சியாகாது. இளமையில் பெருக்குமரம் மிக வேகமாகப் பருக்கும், முதுமையில் வளர்ச்சி நின்றுபோனதுபோல் இருக்கும். அதே பருமனை ஒரு மரம் முந்நூறு வருடத்தில் எட்டியிருக்கலாம், இன்னொன்று எழுநூறு வருடத்தில் எட்டியிருக்கலாம்.

இன்னொரு தொல்லை, அடிமரம் வருடம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. பச்சை மரத்தின் எடையில் 70 வீதத்துக்கு மேல் தண்ணீர். இழைகளுக்கிடையே தண்ணீர் நிறைந்த மெத்தென்ற கலங்கள்தான் கூடுதல். நீண்ட வரட்சியில் அடிமரம் சுருங்கும், மழைக்குப் பிறகு உப்பும். ஆவணியில் அளந்தவரும் மார்கழியில் அளந்தவரும் வேறுவேறு எண்ணைச் சொன்னால் இருவருமே பொய் சொல்லவில்லை.

வளையத்தை எண்ணலாமே என்று கேட்கத் தோன்றும். வேம்பிலோ தேக்கிலோ ஓரளவு செய்யலாம். பெருக்குமரத்தில் வளையம் மங்கலானது. சில வருடங்களில் வளையமே விழாது, சில வருடங்களில் இரண்டு விழும். அதற்கு மேல், மிகப் பழைய மரப்பகுதி இருக்கவேண்டிய நடுவில் பொந்துதான் இருக்கும். எண்ணுவதற்கு முதல் அத்தியாயமே இல்லை.

இந்தத் தடுமாற்றம் எங்களோடு தொடங்கியதல்ல. பிரெஞ்சு இயற்கையியலாளர் மிஷெல் அடன்சன் 1749 இல் செனகலுக்குப் போனார். மரத்தின் அறிவியற் பெயரில் இருப்பது இவர் பெயர்தான். கரைக்கு அப்பாலுள்ள சிறு தீவொன்றில் பெருக்குமரங்களின் பட்டையில் பழைய ஐரோப்பிய மாலுமிகள் செதுக்கிய பெயர்களையும் ஆண்டுகளையும் கண்டார். இத்தனை வருடத்தில் எழுத்தின் மேல் இவ்வளவு மரம் வளர்ந்திருக்கிறது என்பதிலிருந்து கணக்குப்போட்டு, பெரிய மரங்கள் 5,000 வருடங்களுக்கு மேற்பட்டவை என்றார். முதுமையின் மந்தமான வளர்ச்சியை முழு ஆயுளுக்கும் பெருக்கியதில் வந்த பிழை அது. விவிலியப் பெருவெள்ளத்துக்கு முன்பிருந்தே இந்த மரங்கள் நிற்கின்றன என்பதை ஏற்காத மிஷனரிப் பயணி டேவிட் லிவிங்ஸ்ரன் இந்தக் கணக்கை மறுத்தார். பிழையான கணக்கு, அதற்குப் பொருந்தாத மறுப்பு.

இன்று செய்யக்கூடியது காபன்-14 கணிப்பு, அதாவது மரத்துண்டில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் காபனை அளந்து வயது காண்பது. ருமேனிய வேதியியலாளர் ஏட்ரியன் பற்றுட்டும் அவருடைய குழுவும் இதைப் பெருக்குமரங்களில் ஒழுங்காகச் செய்தவர்கள். அடிமரத்தை வெட்டத் தேவையில்லை. மெல்லிய துளைகருவியால் வெளிப்பக்கமிருந்தும் பொந்தின் உட்சுவரிலிருந்தும் குச்சிபோன்ற மாதிரிகளை எடுத்து, அதன் வெவ்வேறு ஆழங்களிலிருந்து சிறு துண்டுகளைக் கணிப்பார்கள். சிம்பாப்வேயில் இருந்த பாங்கே என்ற மரத்துக்கு இப்படிக் கிடைத்த வயது ஏறத்தாழ 2,450. பூக்கும் மரங்களில் இதைவிடக் கூடிய வயது இப்படிக் கணிக்கப்பட்டதில்லை. எங்களுக்குக் கிட்டிய உதாரணம் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் ஜூன்சியிலும் கிந்தூரிலும் உள்ள இரண்டு பெருக்குமரங்கள். 2020 இல் வெளியான முடிவின்படி இரண்டும் ஏறத்தாழ 800 வயது. எனவே மன்னாருக்குச் சொல்லும் ஐந்நூற்றைம்பது வருடம் இந்தப் பிராந்தியத்துக்கு ஒவ்வாத எண் இல்லை. அதை மெய்யென்று சொல்ல ஒரு துண்டு மரமும் ஓர் ஆய்வுகூட முடிவும் வேண்டும். மரத்தடியில் யாராவது ஒரு வயதைச் சொன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தப் பகுதி மரத்தை எடுத்துக் கணித்தார்கள்?

பொந்து என்பது

நெடுந்தீவு மரத்தின் புகழே அதன் பொந்தால்தான். ஓர் ஆள் குனிந்து உள்ளே போகலாம். கறையானோ பூஞ்சணமோ தின்ற புண் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். அப்படியும் இருக்கலாம். ஆனால் பெருக்குமரத்தில் இன்னொரு வகைப் பொந்தும் உண்டு, அதுதான் சுவையானது.

பெரிய பெருக்குமரம் பெரும்பாலும் ஒரு தண்டு இல்லை. அடியிலிருந்து பல தண்டுகள் எழும்பி, வயதாக ஆக ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மரம்போல் ஆகிவிடும். அவை வட்டமாக எழும்பி ஒட்டினால் நடுவில் ஒரு வெற்றிடம் அகப்படும். அங்கே ஒருபோதும் மரம் இருந்ததில்லை, ஆகவே அழுகுவதற்கும் எதுவும் இருந்ததில்லை. பற்றுட் குழு இதைப் போலிப்பொந்து என்று பிரித்தது. வேறுபாட்டை ரோர்ச் வெளிச்சத்திலேயே ஓரளவு பார்க்கலாம். உட்சுவரில் வெளியே உள்ளதைப் போன்ற பட்டை தொடர்ந்து இருந்தால் அது தண்டுகள் வளைத்த வெற்றிடம். நார்நாராக, பொருபொருவென்று, பட்டையில்லாமல் இருந்தால் மரம் அழுகிப் போன இடம். ஒரே பொந்தில் ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் இன்னொரு விதமாகவும் இருக்கலாம். வெளியே நின்று அடிமரத்தின் நெடுக்கு மடிப்புகளைத் தொடர்ந்து மேலே பாருங்கள். ஒவ்வொரு மடிப்பும் எந்தக் கிளைகளைப் பிரிக்கிறது என்று பார்த்தால், எத்தனை தண்டுகள் சேர்ந்திருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம்.

வயதுக் கணக்கில் இது இடிவிழுந்த மாதிரி ஒரு விசயம். தண்டுகள் எல்லாம் ஒரே வயதாக இருக்கவேண்டியதில்லை. பொந்துள்ள மரத்தில் மிகப் பழைய மரப்பகுதி நடுமையத்திலும் இராது, வெளிப்பட்டையிலும் இராது, சுவரின் தடிப்புக்குள் எங்கோ இருக்கும். சுற்றளவை வைத்து ஆரை கண்டுபிடித்த மேலே சொன்ன கணக்கு, ஒரே தண்டு என்று எடுத்துக்கொண்டதால் அடியிலேயே ஆட்டம் காண்கிறது.

இலை, பூ, மாதம்

வரட்சி இறுகினால் பெருக்குமரம் இலையை முழுவதும் கொட்டிவிடும். முதற்தடவை பார்ப்பவர்கள் பட்டுப்போன மரம் என்றே நினைப்பார்கள். பட்டையை உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறத் தோலுக்கு அடியில் மெல்லிய பச்சை தெரியும், இலையில்லாத காலத்திலும் அது கொஞ்சம் உணவு தயாரிக்கும். அடிமரத்தில் சேர்த்த தண்ணீர் கோடை முழுவதும் இலைகளைக் காப்பாற்றத்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். மடகஸ்கார் வகைகளில் நடந்த ஆய்வு வேறுவிதமாகச் சொல்கிறது. மழைக்குச் சற்று முன் புதுத்துளிர் விடுவதற்கே அந்த இருப்பு செலவாகிறது.

எங்கள் பக்கம் மழை ஐப்பசி முதல் மார்கழி வரை, சித்திரையில் சிறிது. இலையோடு பார்க்க விரும்புபவர் மாரி தணியும் தை மாதத்தை எடுக்கலாம். கிளைகளின் அமைப்பையும் தண்டுகள் ஒட்டிய மடிப்புகளையும் பார்க்க விரும்புபவருக்கு மொட்டை மரமே நல்லது. முற்றிய இலையில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள், விரித்த கைபோல்.

பூ விசயத்தில் பகற்பயணிக்கு ஏமாற்றம்தான். நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூ பொழுதுபடும் நேரத்தில் விரியும், அடுத்த நாளே வாடி விழும். ஆபிரிக்காவில் மகரந்தம் காவுவது பழந்தின்னி வௌவால்கள். அவற்றுக்குப் பிடிக்கும் மணம் எங்களுக்குப் பழுதான சாப்பாட்டு மணம்போல இருக்கும். பின்னேரப் படகுக்கு ஓடுபவர் காணக்கூடியது நிலத்தில் கிடக்கும் நேற்றைய பூவை மட்டுமே. விரிவதைக் காண வேண்டுமானால் தீவில் ஓர் இரவு தங்கவேண்டும். தங்குமிடங்கள் சில உண்டு, போகுமுன்பே பேசி உறுதிப்படுத்த வேண்டும்.

பழம் நீண்டுருண்டு, வெல்வெற் போன்ற மென்மயிர் போர்த்த கட்டியான ஓட்டோடு இருக்கும். உள்ளே விதைகளைச் சுற்றி வெள்ளைச் சதை. மரத்திலேயே காய்ந்து மாவாகிவிடும் என்பதால் பிழிய ஒன்றுமில்லை. விற்றமின் சி நிறைந்த புளிப்பு. தண்ணீரில் கரைத்துச் சீனி போட்டால் நல்ல குடிபானம்.

நெடுந்தீவுக்குப் போவது

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776 இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போகும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அதே இறங்குதுறையில்தான் நயினாதீவுப் படகுகளும் நிற்கின்றன. கோயிலுக்குப் போகும் கூட்டத்தோடு சேர்ந்து ஏறிவிட்டால் கால்மணித்தியாலத்தில் நயினாதீவில் இறங்கியிருப்பீர்கள். கேட்டுவிட்டு ஏறுங்கள். நெடுந்தீவுப் படகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்.

காலையில் போய்ப் பின்னேரம் திரும்புவதே வழமையான ஒழுங்கு. நேரங்கள் காலநிலையாலும் படகின் பழுதாலும் மாறும். முதல்நாள் நெடுந்தீவுக்காரர் ஒருவரிடமோ இறங்குதுறையிலோ கேட்டுவைத்தால் காலைநேர அலைச்சல் மிச்சம். இது சுற்றுலாப் படகு இல்லை. ஆசிரியர், உத்தியோகத்தர், நோயாளர், சீமெந்துப் பை, மரக்கறிக் கூடை எல்லாம் போகிற படகு. ஊர்ச்சனத்துக்கு முன்னிடம் விடுவதுதான் முறை. ஞாயிறும் விடுமுறையும் சேர்ந்தால் இடம் கிடைக்காமல் திரும்பவேண்டியும் வரலாம்.

காற்றைப் பார்த்து நாள் குறிக்கவேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும். புங்குடுதீவைத் தாண்டியதும் மறைப்பில்லாத கடல், படகு உருளும். வாந்திக்காரர் மேற்தட்டில் நடுப்பகுதியில், தொடுவானத்தைப் பார்த்தபடி இருப்பது நல்லது. கீழே அடைபட்ட அறையில் எண்ணெய்ப் புகையோடு இருந்தால் வாந்தி நிச்சயம். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும். தாழமுக்க எச்சரிக்கை வந்தால் சேவையே நின்றுவிடும், தீவில் நிற்பவர் அங்கேயே மாட்டுப்படுவார். மாசி முதல் சித்திரை வரைதான் கடல் அமைதி. குளிசை, மாற்றுடுப்பு, ஓர் இரவு தங்கினாலும் போதுமான காசு ஆகியவை எந்தப் பருவத்திலும் பையில் இருக்கட்டும்.

தீவின் கிணற்றுநீர் பெரும்பாலும் உவர். நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிப் பக்கம் போகவேண்டிய ஊர் அது. ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோவது உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. இறங்கியவுடன் ஓட்டோ பேசுங்கள். மொத்தத் தொகையையும், எத்தனை இடம், எத்தனை மணிக்குத் திரும்ப இறங்குதுறை என்பதையும் ஏறுமுன் பேசி முடிக்கவேண்டும். மரத்தடியில் ஒரு மணித்தியாலம் நிற்கப்போவதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் ஹோர்ன் அடிக்கும். சைக்கிளும் கிடைக்கும். ஆனால் நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர், நிழல் குறைவு, உச்சிவெய்யிலில் மிதிப்பது பழகியவர்களுக்கே சரி.

மரத்தடிக்குப் போனதும் பொந்துக்கு ஓடாமல் முதலில் ஒரு சுற்றுச் சுற்றிவாருங்கள், மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று. முழு உருவமும் அங்கிருந்துதான் தெரியும். படமெடுப்பதும் அங்கிருந்தே. பருமன் தெரிய ஓர் ஆள் வேண்டுமென்றால் அவர் அடிமரத்தைத் தொட்டபடி நிற்கவேண்டும். கமராவுக்குக் கிட்ட நின்றால் மரம் சிறுத்துப்போகும். கைபேசியின் அகலக்கோண வில்லையைக் கிட்டப் பிடித்தால் அடிமரம் ஊதிப்போய்ப் பொய்யுருவம் காட்டும்.

பிறகு பொந்து. நுழையுமுன் ரோர்ச் அடித்து மேலும் கீழும் பாருங்கள். குளவிக்கூடு, தேனீ, பாம்பு எதுவும் இருக்கலாம். ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். உள்ளே சிகரட், ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கொழுத்தக்கூடாது. பச்சைச் சுவர் எரியாது என்றாலும் உதிர்ந்து காய்ந்த நார் பற்றிக்கொள்ளும், புகை போக வழியுமில்லை.

அளந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: 30 மீற்றர் நாடா, இழுபடாத வகை. இரண்டு பேர் வேண்டும். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், நிலம் சரிந்திருந்தால் மேட்டுப்பக்கமிருந்து அந்த உயரம். நாடாவை மடிப்புகளுக்குள் அழுத்தாமல் இழுத்துப் பிடித்து ஒரு அளவு. நாடா ஒரு பக்கம் தாழ்ந்தால் எண் கூடிவிடும், இதுதான் வழமையாக நடக்கும் பிழை. எண்ணோடு மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள், மாதமில்லாத அளவு பின்னால் ஒப்பிட உதவாது. அதே இடத்தை அடையாளம் வைக்க ஆணி அடிப்பவர்களும் உண்டு. ஒரு படம் எடுத்துவைத்தாலே போதும்.

மன்னாருக்குப் போவது இதைவிட லேசு. சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறந்தபின் பூநகரி வழியாக ஏ-32 வீதியில் இரண்டரை மணித்தியாலம், பஸ்ஸும் உண்டு. பள்ளிமுனை, மன்னார் நகரிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் உள்ளேதான். மரம் வீதியோரம், ரிக்கற் இல்லை. மன்னார்த் தீவில் வேறு பெருக்குமரங்களும் நிற்பதால், ஒரே நாளில் சின்னது பெரியது பார்த்து உருவம் எப்படி மாறுகிறது என்று கவனிக்கலாம். நெடுந்தீவில் அந்த வசதி இல்லை.

கெடுவது எப்படி

2018 இல் பற்றுட் குழு வெளியிட்ட செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. ஆபிரிக்காவின் மிகப் பழைய 13 பெருக்குமரங்களில் 9 மரங்கள் 2005 க்குப் பிறகு முழுவதுமாகவோ, பழைய தண்டுகளை இழந்தோ விழுந்துவிட்டன. முன்னே சொன்ன பாங்கேயும் அவற்றில் ஒன்று. நோய் என்பதற்குத் தடயம் கிடைக்கவில்லை. வெப்பமும் வரட்சியும் காரணமாக இருக்கலாம் என்றுதான் அவர்கள் எழுதினார்கள், நிரூபித்ததாகச் சொல்லவில்லை. விழுந்த பெருக்குமரம் வைரம் பாய்ந்த கட்டையாகக் கிடக்காது. சில காலத்தில் நார்க் குவியலாக மக்கிவிடும். முன்பு நின்று விழுந்த மரங்களின் அடையாளம் எங்கள் தீவுகளில் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நெடுந்தீவில் மண் மெல்லியது, கீழே சுண்ணக்கல். முதிர்ந்த பெருக்குமரத்தின் வேர் ஆழம் போவதைவிட அகலமாகவே ஓடும், கிளைவிரிவுக்கும் அப்பால். அதனால் அடிமரத்தைத் தொடாமலே அதைக் கெடுக்க முடியும். வேரின் மேல் வாகனம் நிறுத்துவது, நூறுபேர் ஒரே தடத்தில் மிதித்து மண்ணை இறுக்குவது, அழகுக்கென்று அடியைச் சுற்றிக் கொங்கிறீற் போடுவது மூன்றும் மழைத்தண்ணீர் இறங்குவதைத் தடுக்கும். நல்லெண்ணத்தில் கட்டும் சுற்றுத்திட்டுத்தான் பெரும்பாலும் கூடாத காரியம், அதில் தண்ணீர் தேங்கினால் அடி அழுகத் தொடங்கும்.

பெயர் செதுக்குவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைக்கவேண்டும், ஆனால் தேவையிருக்கிறது. பெருக்குமரம் பட்டையை மீள வளர்க்கும் ஆற்றலுள்ளது. ஆபிரிக்காவில் கயிறு திரிக்கப் பட்டை உரித்தும் மரம் பிழைக்கிறது. ஆனால் வடு மறைவதில்லை. மரம் பருக்கப் பருக்க எழுத்து அகலமாகிக்கொண்டே போகும். அடன்சன் முந்நூறு வருடப் பழைய மாலுமிகளின் பெயரை வாசித்தது இதனால்தான். கிளையில் ஏறுவது வேறு ஆபத்து. தண்ணீர் நிறைந்த மெத்தென்ற மரம், பார்க்கத்தான் தடிப்பு. சத்தமில்லாமல் முறியும்.

இளங்கன்று ஏன் இல்லை என்ற கேள்விக்கு மூன்று விடை. ஆபிரிக்காவில் விதையைத் தின்று பரப்ப ஆனையும் குரங்கும் உண்டு, நெடுந்தீவில் அந்த வேலைக்கு ஆளில்லை. முளைத்தாலும் ஆடு, மாடு, குதிரை விடாது. மூன்றாவது, முளைத்த கன்றின் முதல் இலைகள் ஒற்றை இலைகள், விரல்களாகப் பிரியாதவை. பெருக்கு என்று தெரியாமல் களையோடு பிடுங்கிவிடுவார்கள். தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது இந்த மரத்தில் மிகக் குறைவு என்று ஆபிரிக்க ஆய்வுகள் சொல்வதால், துணையில்லாமல் நிற்கும் மரத்தில் பூ நிறைய இருந்தும் காய் அரிதாக இருந்தால் வியப்பில்லை.

வளவில் வளர்க்க நினைப்பவருக்கு வழி கடினமில்லை. பழச்சதையைக் கரைத்துக் கழுவிய விதையில், கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ஒருநாள் விடவேண்டும். ஊதிய விதைகளை எடுத்து விதைக்கலாம். ஊதாதவற்றின் ஓட்டை அரத்தால் ஒரு பக்கம் மெல்லத் தேய்த்து மறுபடி ஊறவிடுங்கள். மணலும் மண்ணும் பாதிக்குப் பாதி கலந்த பையில் இரண்டு சென்ரிமீற்றர் ஆழம். முளைக்கச் சில வாரமாகும், எல்லாம் முளைக்காது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். தினமும் ஊற்றுபவர்களின் கன்று கழுத்தில் அழுகிச் சாயும். முதல் வருடத்தில் அடியில் கரட் போலக் கிழங்குவேர் வைக்கும் என்பதால் நீளமான பை நல்லது. ஐப்பசி மழைக்கு முன் நிலத்தில் வைத்து, ஆடு எட்டாத அடைப்பு மூன்று நான்கு வருடத்துக்கு இருக்கவேண்டும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் 15 மீற்றராவது தள்ளி வையுங்கள். பூக்கப் பதினைந்து இருபது வருடமாகலாம். காய்க்கவும் வேண்டுமென்றால் ஒரே பழத்து விதைகள் போதாது, ஒரு கன்று மன்னார் விதையிலும் மற்றது வேறிடத்து விதையிலும் இருக்கட்டும்.